இந்தியா மார்க் 2 அல்லது அஃப்ரிடெவ்: வாஷர் மாற்ற எத்தனை பேர் வேண்டும்?

வெளிநாட்டு நிதியில் ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு அடிபம்பு போடும் திட்டங்களில் கடைசிச் சுற்றுக்கு வருபவை பெரும்பாலும் இரண்டுதான்: இந்தியா மார்க் 2, அஃப்ரிடெவ். இரண்டுமே பல நாட்டுக் கூட்டில் பிறந்தவை. மகாராஷ்டிரத்தில் உருவான சோலாப்பூர் பம்பை அடியாக வைத்து யூனிசெஃப், இந்திய அரசு, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலை ஆகியவை சேர்ந்து 1970-களில் மார்க் 2-ஐ உருவாக்கின. கோவை வட்டாரத்தின் ஆழமான போர்வெல்களில் அடித்துப் பார்த்த பிறகே பெருமளவு உற்பத்தி தொடங்கியது. அஃப்ரிடெவ் 1980-களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவானது. பின்னணியில் உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் இருந்தன. காப்புரிமைத் தொல்லை இரண்டுக்கும் கிடையாது, யாரும் தயாரிக்கலாம்.

தண்ணீர் வரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 20 மீட்டர் ஆழத்தில் இரண்டும் மணிக்கு ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் தரும். ஒரு பம்புக்கு 300 பேர் என்று கணக்கு வைப்பது வழக்கம். தரைக்கு மேலே உள்ள பாகத்தில் மார்க் 2 ஒரு படி உசத்தி என்றே சொல்ல வேண்டும். கனமான கைப்பிடி, சங்கிலி, மூடிய பால் பேரிங் எல்லாம் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அஃப்ரிடெவ்வில் கைப்பிடி ஆடும் இடத்தில் பேரிங்காக இருக்கும் பிளாஸ்டிக் புஷ் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றப்பட வேண்டியது.

இருந்தாலும் நீர்மட்டம் 45 மீட்டருக்குள் இருந்தால் நம் வாக்கு அஃப்ரிடெவ்வுக்கே. காரணம் ஒன்றுதான்: தேயும் பாகத்தை வெளியே எடுக்க என்னென்ன வேண்டியிருக்கிறது என்பது.

எந்த அடிபம்பிலும் முதலில் தேய்வது, தண்ணீருக்குள் இருக்கும் சிலிண்டரில் பிஸ்டனோடு ஏறியிறங்கும் வாஷர். மார்க் 2-இல் சிலிண்டர் 63.5 மில்லிமீட்டர், அதன் மேல் ஏறும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் 32 மில்லிமீட்டர். பிஸ்டன் அந்தப் பைப்புக்குள் நுழையாது. ஆகவே கை அகல வாஷர் ஒன்றை மாற்றவும் மொத்தப் பைப்பையும் கழற்றியாக வேண்டும். 30 மீட்டர் போருக்கு மூன்று மீட்டர் பைப்புகள் பத்து. இரும்பு மட்டும் 90 கிலோவுக்கு மேல். கைப்பிடியையும் பிஸ்டனையும் இணைக்கும் ராடும் சிலிண்டரும் உள்ளே நிற்கும் தண்ணீரும் சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டும். கிளாம்ப், தூக்கும் ஸ்பானர், நான்கைந்து பலசாலிகள், பழகிய மெக்கானிக் ஒருவர், இத்தனையும் ஏற்றிவர ஒரு வண்டி என்று செலவு நீளும். பிடி நழுவினால் பைப் முழுவதும் போருக்குள் போய்விடும். பிறகு அந்தப் போரை மீட்பதே பெரிய பாடு.

அஃப்ரிடெவ்வில் பைப் 63 மில்லிமீட்டர் பிவிசி, சிலிண்டர் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் பைப்பின் வழியாகவே மேலே வரும். ராடுகள் கொக்கியும் கண்ணுமாக மாட்டிக்கொள்பவை, மரை திருக வேண்டியதில்லை. ஒரே ஸ்பானர், தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கக் கீழே இருக்கும் ஃபுட் வால்வைக் கவ்வி எடுக்க ஒரு கருவி. இரண்டு பேர் சேர்ந்தால் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடலாம். அந்த ஊர்ப் பெண்களே பயிற்சி எடுத்துச் செய்கிறார்கள். இங்கே தண்ணீர் சுமப்பவர்களும் அவர்களே என்பதால், பம்பு பழுதாகி எத்தனை நாள் நிற்கும் என்பது அவர்கள் கையிலேயே வந்துவிடுகிறது.

மார்க் 2-க்குப் பின் வந்த மார்க் 3 இந்தக் குறைக்கு வந்த மாற்று. பைப்பை 65 மில்லிமீட்டர் ஆக்கி பிஸ்டன் மேலே வர வழி செய்தார்கள். ஆனால் இரும்பின் எடையும் விலையும் ஏறியது, துரு அப்படியே இருந்தது.

துருவையும் சொல்லியாக வேண்டும். நிலத்தடி நீரின் பிஹெச் 6.5-க்குக் கீழே போனால், அதாவது நீர் அமிலமானால், ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு தாக்குப்பிடிக்காது. தண்ணீர் சிவக்கும், வாடை வரும், துணி கறைபடும், சோறு கருக்கும். சனம் பழைய குட்டைக்கே திரும்பிவிடும். பைப்பா நிலமா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: காலையில் முதலில் வரும் தண்ணீர் சிவந்து, கொஞ்ச நேரம் அடித்த பிறகு தெளிந்தால் குற்றவாளி பைப். எவ்வளவு அடித்தும் தெளியாவிட்டால் இரும்பு நிலத்தில் இருக்கிறது. அங்கே அஃப்ரிடெவ் வைத்தாலும் பயனில்லை. பிவிசி பைப்போடு ராடும் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால்தான் அமில நீருக்குப் பொருந்தும். ராடில் மிச்சம் பிடித்தால் பாதி வேலைதான் செய்ததாகும்.

அஃப்ரிடெவ்வின் பலவீனம் ஒட்டும் இடம். பிவிசி பைப்புகளை சால்வென்ட் சிமென்ட் என்ற பசை போட்டு இணைப்பதால் ஒட்டுவதில் அவசரப்பட்டால் பைப் பிரிந்து உள்ளே விழும். இரண்டு முனைகளையும் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டிலும் பூசி, இறுகிய பிறகே இறக்க வேண்டும். பம்பை அடிப்பதற்கு முன் ஒரு நாள் விடுவது நல்லது. ராடைப் பைப்பின் நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசர் போடாவிட்டால் ராடு பைப்பை உரசி உரசி ஓட்டையாக்கும். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த பைப்பையும், பழைய டப்பாவில் கெட்டியாகிப்போன சிமென்டையும் ஏற்கக் கூடாது. ஒட்டத் தெரிந்த ஆள் சுற்றுவட்டாரத்தில் இல்லாத ஊரில் மார்க் 2-க்கே சாய்வதில் தவறில்லை. 45 மீட்டருக்குக் கீழே கேள்வியே வேண்டாம்: மார்க் 2-இன் அதிக ஆழ வகைதான்.

ஆனால் எந்தப் பம்பைப் போட வேண்டும் என்ற நாட்டின் தர அறிவிப்பு இவை எல்லாவற்றையும் மிஞ்சும். மலாவியும் மொசாம்பிக்கும் அஃப்ரிடெவ்வைத் தேர்ந்தன. ஜாம்பியாவில் மார்க் 2, ஜிம்பாப்வேயில் அந்நாட்டிலேயே உருவான ‘புஷ் பம்பு’ என்ற வகை. நிதி கொடுக்கும் நாடு தன் விருப்பத்துக்கு வேறொன்றை இறக்கினால், அந்தப் பம்புக்கான வாஷர் எந்தச் சந்தைக் கடையிலும் இருக்காது.

ஒப்பந்தம் எழுதும்போது பம்பு வாங்கும் தொகைக்குப் பக்கத்திலேயே பழுது பார்க்கும் ஏற்பாட்டுக்கும் ஒரு வரி வேண்டும். கென்யாவின் கியூசோவில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கைப்பிடிக்குள் சிறு கருவி பொருத்தி, அசைவை செல்பேசி வழியே அனுப்ப வைத்தது. அதைப் பார்த்து ஓடிவரும் பழுதுக் குழுவும் இருந்தது. பம்பு நின்றுகிடக்கும் காலம் சராசரி 27 நாளிலிருந்து 3 நாளுக்குள் வந்தது. ஒவ்வொரு பம்போடும் வாஷர், ஓ-ரிங் (ரப்பர் வளையம்), புஷ் இரண்டு ஆண்டுக்குக் கணக்கிட்டு அனுப்பலாம். அதற்குப் பிறகு அவற்றை விற்கப்போகும் கடை எது என்பதை பம்பு கப்பலேறும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும்.