மோல்மீனில் சேஸ் பெண்டு பார்க்க ஒரு நல்ல பட்டறை: பெயிண்ட் அடிக்கும் முன் போய்விடுங்கள்

பழைய ஹோண்டா வேவ் பைக்கோ ட்ரீம் பைக்கோ வாங்கி முழுசாகப் பிரித்துக் கட்டப் போகிறவர்கள் இன்ஜினுக்குச் செலவழிக்கும் முன்னால் சேஸ் நேராக இருக்கிறதா என்று அளக்க ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். மியான்மரின் மோல்மீனில் அதைப் பொறுமையாகச் செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது, பெரிய சந்தையிலிருந்து ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் தெற்கே போக வேண்டும், போர்டு கிடையாது, வாசலில் வெறும் சேஸ்களைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம்.

என் வண்டி தாய்லாந்து வேவ் 125. முடோன் ரோட்டில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் இடது பக்கம் இழுத்தது. எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது முக்கியம். 1970-லிருந்து இந்த நாட்டில் ரோட்டின் வலது பக்கம்தான் ஓட்டுகிறோம், மழைத் தண்ணீர் வடிவதற்காக ரோடு வலது ஓரத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும், அதனால் வண்டி லேசாக வலது பக்கம் போனால் அது ரோட்டுச் சரிவாகவும் இருக்கலாம். சரிவை எதிர்த்து இடது பக்கம் போனால் கோணல் வண்டியில்தான். முதலில் காட்டிய ஒரு கடையில் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டில்பாரை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேஸ் போச்சு, வேற சேஸ் மாத்துங்க" என்று முடித்துவிட்டார்கள். சேஸை மாற்றினால் சேஸ் நம்பர் மாறும், வண்டியின் லைசன்ஸ் புத்தகத்தில் உள்ள நம்பரோடு அது ஒத்துப்போகாது, ஒழுங்கான வண்டி விதவுட் வண்டியாகிவிடும், அதாவது லைசன்ஸ் இல்லாத வண்டி. அவ்வளவு பெரிய முடிவை வெறும் கண்பார்வையில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பட்டறையின் சயா, அதாவது தலைமை மெக்கானிக், மோன் இனத்துக்காரர், தமிழ் தெரியாது. லேத்தில் நிற்கிற அண்ணன் நம்ம ஆள், கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் விளக்கினார். சயா எடுத்தவுடன் சேஸில் கை வைக்கவில்லை. இரண்டு சக்கரத்தையும் சுற்றவிட்டு ரிம் பெண்டு எடுத்தார், ஏனென்றால் கோணல் ரிம்மை வைத்துக்கொண்டு நூல் பிடித்தால் நூல் காட்டுவது எதையும் நம்ப முடியாது. அப்புறம் பின் சக்கரம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார். செயின் அட்ஜஸ்டரில் உள்ள கோடுகளை அவர் நம்புவதில்லை, பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் போல்ட் நடுவிலிருந்து ஆக்ஸில் நடு வரை இரண்டு பக்கமும் அளந்துதான் சரி என்கிறார். அதற்குப் பிறகுதான் நூல். பின் டயரின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் நூலை முன்னால் இழுத்துக் கட்டுகிறார்கள், முன் டயர் இரண்டு நூலுக்கும் நடுவில் நிற்கும். என் வண்டியில் முன் டயர் 70, பின் டயர் 80, ஆகவே முன் டயருக்கும் நூலுக்கும் இடையே பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வலது பக்கம் கிட்டத்தட்ட 10 இருந்தது, இடது பக்கம் நூல் டயரைத் தொட்டது.

"இத வச்சு சேஸ் பெண்டுன்னு சொல்லிடாதீங்க தம்பி, எங்கேயோ கோணல்னு மட்டும்தான் நூல் சொல்லும்" என்றார் லேத் அண்ணன். முந்தின கடையில் இல்லாத நிதானம் இதுதான், இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இன்ஜினை இறக்கி, ஃபோர்க்கைக் கழற்றி, ஸ்டீரிங் குழாயில் இருக்கிற பேரிங்கான கோன்செட்டையும் தட்டி எடுத்துவிட்டு வெறும் சேஸை ஸ்டாண்டில் மாட்டினார்கள். ஸ்விங் ஆர்ம் போல்ட் போகிற ஓட்டையில் ஒரு நீளமான நேர்க் கம்பி, முன்னால் ஸ்டீரிங் குழாயில் இரண்டு பக்கமும் கூம்பாகக் கடைந்த இன்னொரு கம்பி. முதலில் ஸ்டீரிங் குழாயின் நடுவிலிருந்து பின் கம்பியின் இரண்டு முனைக்கும் அளந்தார்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால் குழாய் பக்கவாட்டில் நகரவில்லை என்று அர்த்தம். அடுத்து முறுக்கு. பின் கம்பியை ரசமட்டம் வைத்துச் சமமாக்கிவிட்டு, சேஸுக்கு நேர் முன்னால் நின்று தூக்குக் குண்டைத் தொங்கவிட்டார் சயா. ஸ்டீரிங் குழாய் பின்னால் சாய்ந்துதான் இருக்கும், ஆனால் முன்னாலிருந்து பார்த்தால் அதில் உள்ள கம்பி நூலோடு ஒன்றாகத் தெரிய வேண்டும். 1 டிகிரி முறுக்கிக்கொண்டிருந்தால் போதும், ஸ்டீரிங் குழாயிலிருந்து ஆக்ஸில் வரை 700 மில்லிமீட்டர் என்று வைத்தால் சக்கரம் 12 மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். என் சேஸில் கம்பியும் நூலும் ஒன்றாகவே நின்றன, என்னையே வந்து பார்க்கச் சொன்னார்.

அப்படியானால் கோணல் எங்கே? இந்த மாதிரி வண்டிகளில் ஃபோர்க்கின் இரண்டு குழாயையும் கீழே உள்ள ஒரே ஒரு டி-தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, பெரிய வண்டிகளில் இருப்பது போல மேலே இன்னொரு பிடி கிடையாது, முன்னால் விழுகிற அடி முழுவதும் அந்த டி-யின் தண்டுக்குத்தான் போகிறது. அதை லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவில் மாட்டிச் சுற்றி டயல் கேஜை வைத்தார்கள், தண்டு வளைந்திருக்கிறது என்று காட்ட முள் ஆடிய ஆட்டமே போதும். ஃபோர்க் குழாய்களைக் கண்ணாடிமேல் உருட்டியபோது இடது குழாயின் அடியில் வெளிச்சம் தெரிந்தது, அதுவும் வளைவு. டி ஒன்று, குழாய் ஒன்று, புது கோன்செட், முடிந்தது வேலை. இப்போது அதே முடோன் ரோட்டில் நேராகப் போகிறது. அளந்த கூலி ஒரு நல்ல டயரின் விலைகூட வரவில்லை.

நிஜமாகவே வளைந்த சேஸ் ஒன்றையும் அங்கே பார்த்தேன், ஸ்டீரிங் குழாய்க்குக் கீழே பெயிண்ட் உலர்ந்த மிளகாய்த் தோல் மாதிரி சுருங்கி, அந்தச் சுருக்கத்தில் துரு ஓடியிருந்தது. அந்த இடத்தில் பட்டி பார்த்து மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது, அதனால்தான் பெயிண்டுக்கு முன்னால் போகச் சொல்கிறேன், பழைய வண்டி வாங்கும்போது அந்த இடத்தை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கவும் சொல்கிறேன். வண்டிக்காரர் கேஸ் வைத்துச் சூடு காட்டி நிமிர்த்தச் சொன்னார், சயா மறுத்துவிட்டார், சூட்டில் குழாயின் பலம் போய்விடும் என்றார். சங்கிலியும் ஸ்குரூ ஜாக்கியும் போட்டுப் பச்சையாகவே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறார்கள், விட்டால் பாதி திரும்பிப் போகும், மறுபடி அளக்கிறார்கள், மறுபடி இழுக்கிறார்கள். வெல்டிங்கில் விரிசல் தெரிந்தால் வேலையை எடுப்பதே இல்லை.

குறைகளும் உண்டு. அளவுகளை எழுதித் தருவதில்லை, நாமே நோட்டு கொண்டுபோய்க் குறித்துக்கொள்ள வேண்டும், இவ்வளவு சுத்தமாக அளக்கிறவர்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வண்டியை விற்கும்போதும் உதவும். கரண்ட் போனால் லேத் நின்றுவிடும், இது அவர்கள் தப்பில்லை, ஆனால் சொன்ன நாளில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காத்திருக்க நிழல் இல்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் தட்டோனில் இருப்பவர்கள் வண்டியைப் பிரித்து வெறும் சேஸை மட்டும் பிக்கப்பில் போட்டுப் பாலம் வழியாகக் கொண்டுவரலாம், ஆனால் அப்படி வந்தால் சக்கரமும் நூலும் பார்க்க முடியாது, ஃபோர்க், டி, ஸ்விங் ஆர்ம் மூன்றையும் கூடவே கொண்டுவாருங்கள். லைசன்ஸ் புத்தகம் கையில் இருக்கட்டும், நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் சேஸைத் தொடுகிறார்கள். கோன்செட் புதிதாக ஒன்று வாங்கிப் போங்கள், பழையதைத் தட்டி எடுத்தபின் திரும்பப் போட முடியாது, பட்டறையில் எல்லா வண்டிக்கும் ஸ்டாக் இல்லை.