ஃபுல் சாலிட் என்று சொல்லி விற்ற கிட்டார்: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நல்ல அகூஸ்டிக் கிட்டார் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள், கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். முக்கியமாக 50,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கப் போகிறவர்கள்.

என் மகள் சில வருடங்களாக ஒரு சாதாரணக் கிட்டாரில்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். கை நன்றாகத் தேறிவிட்டது, இனி முழுக்க சாலிட் மரத்தில் (அடுக்கி ஒட்டாத முழு மரப்பலகையில்) செய்த கிட்டார் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்றார் அவளுடைய மாஸ்டர். சென்னையில் பலருக்கும் தெரிந்த ஒரு கடைக்குப் போனோம். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரையும் கிட்டாரின் பெயரையும் இங்கே போடவில்லை.

விற்பனையாளர் மிக மரியாதையாகப் பேசினார். "மேடம், இது ஃபுல் சாலிட். மேல ஸ்ப்ரூஸ் மரம், பின்பக்கம், சைடு எல்லாம் நம்ம ஊர் ஈட்டி மரம். பாப்பா காலத்துக்கும் வாசிக்கலாம்." ஈட்டி (ரோஸ்வுட்) மரம் என்றதும் நம்பிக்கை வந்தது. அதற்குக் காரணமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி, உலகின் மிக நல்ல கிட்டார்களுக்குப் போகிற மரம். மார்ட்டின் நிறுவனத்தின் புகழ்பெற்ற டி-28 கிட்டாரின் பின்பலகையும் பக்கப்பலகையும் அதில்தான் செய்யப்படுகின்றன. 72,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தோம்.

கொஞ்ச நாளில் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளிலிருந்து) மேலே தூக்கிக்கொண்டது. ஒரே விரலால் பல ஸ்ட்ரிங்குகளை அழுத்தும் பார் கார்டு பிடிக்கவே அவளுக்குக் கை வலித்தது. சரிசெய்யக் கிட்டார் பழுதுபார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். ஸ்ட்ரிங்குகளைக் கழற்றிவிட்டு, செல்போன் டார்ச்சையும் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியையும் மேல்பலகையின் வட்டத் துளையான சவுண்ட் ஹோலுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு கிட்டாரைத் திருப்பி, பின்பலகையில் கண் வடிவில் இருந்த ஒரு கறுப்பு ரேகையைத் தொட்டுக் காட்டினார். "அக்கா, இது ஒரே பலகைன்னா இந்தக் கறுப்பு உள்பக்கமும் இதே இடத்துல தெரியணும். இப்போ நீங்களே பாருங்க." பார்த்தேன். உள்ளே அந்த இடத்தில் ரேகையே இல்லை. வெளிறிப்போன வேறு ஏதோ மரம். ஈட்டி என்பது மேலே ஒட்டிய ஒரு மெல்லிய ஏடு மட்டும். மேல்பலகை மட்டும்தான் உண்மையிலேயே சாலிட்.

லேமினேட், அதாவது மெல்லிய ஏடுகளை ஒட்டிச் செய்த அடுக்குப் பலகை, மட்டமானது என்று நான் சொல்லவில்லை. கடலோர ஈரக்காற்றில் அது சாலிட் பலகையை விடத் தாக்குப்பிடிக்கும். யமஹா எஃப்ஜி 800 போன்ற கிட்டார்களில் மேல்பலகை மட்டும் சாலிட், மற்றவை லேமினேட். விலைக்கு மிக நல்ல கிட்டார் அது. டெய்லர் 200 வரிசையிலும் பின்பலகை அடுக்குப் பலகைதான், அதை அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொல்கிறது. என் கோபம் லேமினேட் மீது இல்லை. லேமினேட்டைக் கொடுத்துவிட்டு சாலிட்டுக்கான விலையை வாங்கியதுதான் அநியாயம்.

கடைக்குத் திரும்பிப் போனால் பேச்சே மாறிவிட்டது. "டாப் சாலிட்னுதான் மேடம் சொன்னோம்" என்றார் அதே விற்பனையாளர். மேலாளர் பில்லை எடுத்துக் காட்டினார். அதில் "அகூஸ்டிக் கிட்டார் - 1" என்று மட்டும் இருந்தது. மாடல் எண் இல்லை, சீரியல் எண் இல்லை, மரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடியில் மட்டும் கொட்டை எழுத்தில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு பில் கொடுப்பதே தப்பு. கடைசியில் 10,000 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம், அதே கடையில் வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் போகும்போது, கிட்டாரின் உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள மாடல் எண்ணை அங்கேயே போனில் தேடி, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் பாருங்கள். ஒரே ஒரு எழுத்து மாறினாலும் வேறு கிட்டார். மேல்பலகைக்கு மட்டும் "சாலிட் ஸ்ப்ரூஸ்" என்று போட்டு, பின்பலகைக்கு வெறுமனே "ரோஸ்வுட்" என்று போட்டிருந்தால் அது லேமினேட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாலிட்டாக இருந்தால் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். சவுண்ட் ஹோலின் விளிம்பையும் உற்றுப் பாருங்கள். சாலிட் பலகையில் மேலே தெரியும் ரேகைகள் விளிம்பின் கனத்திலும் அப்படியே இறங்கும். பிளைவுட் மாதிரி அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் சாலிட் இல்லை. பின்பலகைக்கு அந்த அண்ணன் காட்டிய வழிதான். ஏதாவது ஒரு ரேகையையோ முடிச்சையோ குறிவைத்து உள்ளேயும் தேடுங்கள். டார்ச் அடிக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

ஸ்ட்ரிங் உயரத்தையும் அங்கேயே அளந்துவிடுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்குக்கு அடியில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கும். அப்புறம் சேடிலை, அதாவது உடல் பக்கத்தில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் மெல்லிய பட்டையை, பாருங்கள். அதை ஏற்கெனவே தேய்த்துத் தேய்த்துக் குட்டையாக்கியும் ஸ்ட்ரிங் உயரமாகவே நின்றால், நெக்கின் (கழுத்தின்) வளைவிலோ அது பொருந்தியிருக்கும் கோணத்திலோ கோளாறு இருக்கலாம், அல்லது மேல்பலகை உப்பியிருக்கலாம். எங்களுடையதில் சேடில் அப்படித்தான் இருந்தது. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் ஸ்ட்ரிங் பட்டுத் தேய்ந்த பள்ளமும் இருந்தது. யார் யாரோ வாசித்துப் பார்க்க மாட்டி வைத்திருந்த கிட்டாரைத்தான் புதியது என்று கொடுத்திருக்கிறார்கள். காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பகலில் ஏசி, இரவில் சென்னையின் புழுக்கம் என்று மாதக்கணக்கில் சுவரில் தொங்கிய கிட்டாரின் பலகை உப்பாமல் என்ன செய்யும்?

பில்லில் மாடல் எண், சீரியல் எண், "மேல், பின், பக்கம் மூன்றும் சாலிட்" என்ற வாசகம், மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் சும்மா இருக்காதீர்கள். பொருளின் தரத்தையோ அது எதனால் ஆனது என்பதையோ பொய்யாகச் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் மறுப்பதும் அப்படித்தான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் கடை மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எங்கள் புகாருக்குப் பலம் தருவது பில் அல்ல, ஒரு வாட்ஸ்அப் செய்தி. வாங்குவதற்கு முந்தைய நாள், பின்பக்கமும் சாலிட்தானா என்று கேட்டிருந்தேன். "யெஸ் மேடம், ஃபுல் சாலிட், 100 பர்சென்ட்" என்று அந்த விற்பனையாளர் கடை எண்ணிலிருந்தே பதில் போட்டிருந்தார். கடையில் வாயால் எதைச் சொன்னாலும், பணம் கட்டும் முன் அதை இப்படி எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.