பூமி மாடல் கிட்: ரெண்டு மாசம் வீட்ல வச்சு பார்த்த அனுபவம்

பொண்ணு ஏழாவது படிக்கிறா. சமூக அறிவியல் புக்குல புவியின் உள்ளமைப்புனு ஒரு பாடம் இருக்கு, மேலோடு கவசம் கருனு எல்லாத்தையும் ஒரு மூச்சுல ஒப்பிச்சிட்டா, ஆனா அப்புறம் "அப்பா கவசம்னா அது கல்லா, தண்ணியா, குழம்பு மாதிரியா"ன்னு கேட்டப்ப எனக்கே பதில் தெரியல. அதுக்காகத்தான் ஆன்லைன்ல தேடி இந்த கிட்டை வாங்கினேன். 1,450 ரூபா. கம்பெனி பேரை போடல, ஏன்னா இதே மாதிரி டப்பா வேற வேற பேர்லயும் வருது, நான் சொல்றது பெரும்பாலும் எல்லாத்துக்கும் பொருந்தும்னு நினைக்கிறேன். உள்ள என்னன்னா, பாதியா வெட்டின மாதிரி ஒரு ஃபோம் பூமி உருண்டை, மரத்துல செஞ்ச புவித்தட்டு பசில் ஒண்ணு (புவித்தட்டுன்னா பூமியோட மேல்பகுதி பிரிஞ்சு மெதுவா நகர்ற பெரிய பெரிய துண்டுங்க; ரெண்டு பக்கமும் படம் இருக்கு), தோண்டி எடுக்கற மாதிரி ஒரு பிளாஸ்டர் கட்டி, நாலு கல்லு, ஒரு லென்ஸ், ஒரு சின்ன புக்கு.

முதல்ல அந்த உருண்டையை பத்தி சொல்லணும், ஏன்னா அதுலதான் எனக்கு பெரிய மனக்குறை. கவசம் முழுக்க ஆரஞ்சும் சிவப்புமா பெயிண்ட் அடிச்சு, நடுநடுவுல நெருப்பு கொதிக்கிற மாதிரி கோடு போட்டு வச்சிருக்காங்க. பார்த்த உடனே பொண்ணு சொன்னது "ஓ, அப்ப நாம லாவா மேல மிதக்கறோமா". இதுதான் தப்பு. கவசம் கல்லு. கெட்டியான பாறை. மேலோட்டுக்கு கீழ ஆரம்பிச்சு சுமார் 2,890 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே திடப்பொருள்தான், எரிமலைக்கு வர்ற மேக்மா அங்கங்க சில இடத்துல கொஞ்சமா உருகறது, அவ்ளோதான். நிறம் கூட சிவப்பு இல்ல. மேல் கவசத்து பாறை துண்டு சில எரிமலைங்க வழியா வெளிய வந்திருக்கு, அதுல ஆலிவின்ங்கிற கனிமம் அதிகம் இருக்கறதால அது பச்சையா இருக்கும். உள்ள இருக்கற சூட்டுல ஒளிரும்னு சொல்லலாம், ஆனா திரவம்னு சொல்றது வேற விஷயம். திரவமா இருக்கறது அதுக்கும் கீழ இருக்கற வெளிக்கரு மட்டும்தான், இரும்பும் நிக்கலும்.

அப்ப கல்லு எப்படி நகரும்னு அடுத்த கேள்வி. எங்க தெருவுல ரோடு போட கொண்டு வந்த தார் டிரம் ஒண்ணு ரொம்ப நாளா சாஞ்சு கிடந்துச்சு, அவளை கூட்டிட்டு போய் அதை காமிச்சேன். சுத்தியலால அடிச்சா சில்லு சில்லா உடையும், ஆனா வாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா வழிஞ்சு தரையில பரவி இருக்கு, யாரும் அது நகர்றதை பார்த்ததில்ல. கவசம் அதைவிட கோடி கோடி மடங்கு கெட்டி, ஆனா வருஷத்துக்கு சில சென்டிமீட்டர் கணக்குல கோடிக்கணக்கான வருஷம் நகர்ந்துக்கிட்டே இருக்கு. தார் டிரம்மை பார்த்ததும் அவளுக்கு பட்டுனு புரிஞ்சிடுச்சு. நாங்க கடையில பச்சை ஃபேப்ரிக் பெயிண்ட் வாங்கி உருண்டையில கவசத்தை ரெண்டு கோட்டிங் அடிச்சுட்டோம், நீங்களும் வாங்கினா முதல்ல அதை செய்யுங்க.

உருண்டையில இன்னொண்ணு, அளவு. அது 15 சென்டிமீட்டர் விட்டம். பூமியோட ஆரம் 6,371 கிலோமீட்டர். ஸ்கேல் வச்சு ரெண்டு பேரும் கணக்கு போட்டு பார்த்தோம், கரு வர்ற இடம் சரியா இருக்கு, நடுவுலேர்ந்து 4 சென்டிமீட்டர், அதுக்குள்ள உட்கருவும் கிட்டத்தட்ட சரி, இந்த அளவு அக்கறை எடுத்திருக்காங்கன்னு சந்தோஷமா இருந்துச்சு. ஆனா மேலோட்டை அரை சென்டிமீட்டருக்கு தடிமனா வச்சிருக்காங்க. நிஜக் கணக்குல அது 425 கிலோமீட்டர் ஆயிடும்! கண்டத்துக்கு அடியில மேலோடு சராசரியா 35, 40 கிலோமீட்டர்தான், அதாவது இந்த உருண்டையில அரை மில்லிமீட்டர் கூட வராது, கடலுக்கு அடியில வெறும் 7 கிலோமீட்டர், அது ஒரு தாள் கனம். ரஷ்யாவுல கோலாங்கிற இடத்துல வருஷக்கணக்கா துளை போட்டு 1989ல 12,262 மீட்டர் போனாங்க, மனுஷன் போட்டதுல அதைவிட ஆழமான துளை கிடையாது, அது கூட இந்த உருண்டையில ஊசி முனையால லேசா கீறின மாதிரிதான். அப்புறம் எப்படிப்பா உள்ள இருக்கறது தெரியும்னு கேட்டா. நிலநடுக்க அலையை வச்சுதான். ஒரு வகை அலை திரவத்துக்குள்ள போகாது, அது பூமியோட அந்தப்பக்கம் வராம போறதை வச்சு வெளிக்கரு திரவம்னு முடிவு பண்ணாங்க, 1936ல லேமன்ங்கிற டென்மார்க் அம்மா, வேற வகை அலை ஒண்ணு வரக்கூடாத இடத்துல லேசா வந்ததை பார்த்து உள்ள இன்னொரு கரு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. இந்த கதை எல்லாம் புக்குல ஒரு வரி கூட இல்ல, போட்டிருக்கலாம்.

இப்ப பசில். இதுக்காகவே மொத்த காசையும் கொடுக்கலாம். மரம் நல்லா வழுவழுன்னு இருக்கு, ஓரம் குத்தாது, சேர்த்து வச்சா டக்குனு உட்காருது. எங்களுக்கு வந்த டப்பாவுல நாஸ்கா தட்டு மட்டும் காணோம். அது இல்லன்னா தென் அமெரிக்காவுக்கு பக்கத்துல ஓட்டையா இருக்கும், ஆண்டீஸ் மலை ஏன் வந்துச்சுன்னே காட்ட முடியாது. கஸ்டமர் கேருக்கு போட்டோ அனுப்பினேன், ரெண்டு தடவை அதே போட்டோவை மறுபடி அனுப்ப சொன்னாங்க, அது எரிச்சலா இருந்துச்சு, ஆனா ஒன்பதாவது நாள் முழு பசிலும் புதுசா வந்துச்சு, பழசை திருப்பி கேக்கல. அதனால இப்ப ரெண்டு செட் இருக்கு, ஒண்ணை ஸ்கூலுக்கு கொடுத்துட்டோம்.

ஒரு பக்கம் கோண்ட்வானா. இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அன்டார்டிகா அஞ்சும் ஒட்டி இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு. அது மேல கலர் பட்டை போட்டு எந்த உயிரோட புதைபடிவம் எங்க கிடைச்சுதுன்னு காமிச்சிருக்காங்க. பச்சை பட்டை குளோசாப்டெரிஸ், நாக்கு மாதிரி இலை இருக்கற ஒரு பழங்கால மரம், அது அஞ்சு கண்டத்துலயும் கிடைக்குது. மெசோசாரஸ்னு ஒரு சின்ன ஊர்வன, பிரேசில் பக்கமும் ஆப்பிரிக்கா தெற்குலயும் மட்டும் கிடைக்குது, அது ஆழமில்லாத உள்நாட்டு நீர்ல வாழ்ந்ததுனு சொல்றாங்க, அட்லான்டிக்கை நீந்தி தாண்டியிருக்க வாய்ப்பே இல்ல. துண்டுகளை தனித்தனியா வச்சா பட்டை துண்டு துண்டா கிடக்கும், ஒட்டி வச்சா ஒரே பட்டையா ஓடும். இதை கையால சேர்த்து பார்க்கறதுல இருக்கற அழுத்தம் எந்த வீடியோலயும் வராது. 1912ல வெக்னர் இதைத்தான் சொன்னாரு, அவரு வானிலை ஆராய்ச்சி பண்றவரு, எது தள்ளுதுன்னு அவரால சொல்ல முடியல, அதனால நிறைய பேர் ஏத்துக்கல, 1930ல கிரீன்லாந்து பனியில போயிட்டாரு, அப்புறம் 1960கள்ல கடலடியை அளந்த பிறகுதான் ஒத்துக்கிட்டாங்க. அதே 1912ல தென் துருவம் போயிட்டு திரும்பி வர்ற வழியில செத்துப்போன ஸ்காட் குழு, சாகற நிலையிலயும் சுமார் 16 கிலோ கல்லை கீழ போடாம இழுத்துட்டு வந்திருக்காங்க, அதுல இந்த குளோசாப்டெரிஸ் இலையும் இருந்துச்சு. இதை சொன்னப்ப எங்க வீட்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல.

கோண்ட்வானாங்கிற பேரே மத்திய இந்தியாவுல இருக்கற கோண்டு மக்களோட நாட்டுப்பேரு. ஒடிசா தால்ச்சேர்ல வெட்டற நிலக்கரி அந்த குளோசாப்டெரிஸ் காட்டு காலத்துது, அங்கேர்ந்து கப்பல்ல நம்ம அனல் மின் நிலையங்களுக்கு வருது, அப்ப நம்ம வீட்டு ஃபேன் ஓடறதுல அந்த இலைக்கும் ஒரு பங்கு இருக்கு.

இன்னொரு பக்கம் இன்னைய தட்டுங்க. எங்க ஊர் நாகப்பட்டினம். அதுக்கு மேல விளக்கணுமான்னு தெரியல. 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை நான் பிளஸ் டூ, அன்னிக்கு என் சித்தியை பறிகொடுத்தோம். அம்மா இத்தனை வருஷமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க, "காத்தும் இல்ல மழையும் இல்ல, அப்புறம் ஏன் கடல் வந்துச்சு". பொண்ணு ஒரு நாள் சாயங்காலம் பசிலை டீப்பாய் மேல வச்சு "அப்பாயி இங்க வாங்க"ன்னு கூப்பிட்டு, இந்தியா இருக்கற துண்டை லேசா தள்ளி காமிச்சா. இது வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் கணக்குல வடக்க போகுது அப்பாயி, சுமத்ரா அந்தமான் பக்கம் அடுத்த தட்டுக்கு கீழ நுழையுது, ஆனா வழுக்கிட்டு போகாம மாட்டிக்கிட்டு நிக்கும், மேல இருக்கற தட்டை சேர்த்து கீழ இழுத்து வளைக்கும், ரொம்ப வருஷம் தாங்கிட்டு ஒரு நாள் விட்டுடும், மேல் தட்டு எகிறும், அது மேல இருக்கற தண்ணி மொத்தமும் எகிறும். அன்னிக்கு காலையில ஆறரை மணிக்கு அது விட்டுடுச்சு, 1,200 கிலோமீட்டருக்கு மேல நீளத்துக்கு. பசில்ல அது ஒன்றரை சென்டிமீட்டர் கூட வரல. அம்மா விரலை வச்சு அந்த கோட்டை தடவி பார்த்தாங்க. அங்கேர்ந்து நம்ம கரைக்கு எவ்ளோ நேரம்னு கேட்டாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேலன்னு சொன்னேன். "அவ்ளோ நேரம் இருந்துச்சா"ன்னாங்க. அதுக்கு அப்புறம் ஒண்ணும் கேக்கல.

இந்த பக்கத்துல ஒரு குறை சொல்றேன், இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒரே துண்டா வெட்டி, அந்தமான் பக்கம் இருக்கற சின்ன பர்மா தட்டை விட்டுட்டாங்க. நம்ம நாட்டுல விக்கற பொருள், நமக்கு முக்கியமான அந்த ஓரத்தை நல்லா காட்டியிருக்கணும். நாங்க சிவப்பு ஸ்கெட்ச்ல வரைஞ்சு வச்சிருக்கோம்.

பிளாஸ்டர் கட்டி பிள்ளைங்களுக்கு பிடிக்கும், வீடு பூரா வெள்ளை தூசி, பேப்பர் விரிச்சுக்கோங்க. உள்ளேர்ந்து மூணு பொம்மை வந்துச்சு, ட்ரைலோபைட் (பூச்சி மாதிரி இருக்கற பழங்கால கடல் பிராணி) ஒண்ணு, அம்மோனைட் (சுருள் ஓடு இருக்கற பழங்கால கடல் பிராணி) ஒண்ணு, டி ரெக்ஸ் டைனோசர் பல்லு ஒண்ணு. மூணும் ஒரே மட்டத்துல கிடந்துச்சு, அதுதான் எனக்கு ஒத்துக்கல. ட்ரைலோபைட் சுமார் 25 கோடி வருஷத்துக்கு முன்னாடியே பூண்டோட அழிஞ்சு போச்சு, டி ரெக்ஸ் காலம் 6.6 கோடி வருஷம் பக்கம், நடுவுல 18 கோடி வருஷம். பாறை அடுக்குல கீழ இருக்கறது பழசு மேல இருக்கறது புதுசு, எந்த அடுக்குல எது வரும்ங்கிறதுலதான் இந்த படிப்பே நிக்குது. ரெண்டு கலர் பிளாஸ்டரை அடுக்கா ஊத்தி, கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு வச்சிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும், செலவும் கூடாது.

அந்த அம்மோனைட்டை பார்த்து "இது நிஜமா எங்க கிடைக்கும்"னு கேட்டதால ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கிட்டு அரியலூர் பெரம்பலூர் பக்கம் போயிட்டு வந்தோம். கிட்டை வாங்கறவங்க இதையும் சேர்த்து பிளான் பண்ணுங்க. சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு கல்லா போன மரம் படுத்து கிடக்கு, 1940ல நிலவியல் ஆராய்ச்சியாளர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகத்துக்கு காமிச்சது. காரை பக்கம் செம்மண்ணு மேடும் பள்ளமுமா செடி கொடி இல்லாம கிடக்கும், அங்க தரையிலயே சுருட்டு மாதிரி கல்லுங்க தெரியும். நான் பேர் சொல்றதுக்கு முன்னாடியே அம்மா குனிஞ்சு பார்த்து "இது கணவாய் சாதியாட்டம் இருக்கே, ஓடு மாதிரி"ன்னாங்க. பெலம்னைட், கணவாய்க்கு சொந்தக்கார பிராணியோட உள் ஓடுதான் அது. கடல்ல பொழப்பு நடத்தினவங்க கண்ணு! அங்கேர்ந்து இப்ப கடல் சுமார் 100 கிலோமீட்டர். இந்தியா அன்டார்டிகாவை விட்டு பிரிஞ்சப்ப இந்த கரை ஓரம் கிழிஞ்சு தாழ்ந்து, அப்புறம் கடல் உள்ள வந்து கோடிக்கணக்கான வருஷம் இருந்துச்சு, அந்த கடல் விட்டுட்டு போன சுண்ணாம்புதான் இன்னைக்கு அரியலூர் சிமென்ட். 2020ல குன்னம் பக்கம் உருண்டை கல்லுங்க கிடைச்சு டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப் பூரா சுத்துச்சே, அதுவும் அம்மோனைட்டை சுத்தி மண்ணு இறுகின உருண்டைதான்னு விஷயம் தெரிஞ்சவங்க சொன்னாங்க. போனா பாருங்க, போட்டோ எடுங்க, எதையும் உடைச்சு எடுத்துட்டு வராதீங்க, கிட்ல இருக்கற பொம்மை வீட்டுக்கு போதும்.

லென்ஸ் பிளாஸ்டிக், காரை போயிட்டு வந்ததுலயே கீறல் விழுந்துடுச்சு. கல்லு நாலும் நல்லா இருக்கு, பசால்ட்டும் (கடல் தரையில இருக்கற கருப்பு எரிமலைக்கல்லு) கிரானைட்டும் பக்கத்துல வச்சு தூக்கி பார்த்தா கடல் தரை ஏன் கனம்னு கையிலயே தெரியும், ஆனா எது எதுன்னு ஸ்டிக்கர் ஒட்டல. புக்குல தமிழ் பக்கம் இருக்கு, ஆனா ஸ்கூல் புக்குல வர்ற மேலோடு, கவசம், புவித்தட்டுங்கிற வார்த்தை எதுவும் இல்ல, வேற ஏதோ வார்த்தை போட்டு குழப்பி வச்சிருக்காங்க, அதை படிக்க கொடுக்காதீங்க, நீங்களே பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுங்க. எட்டு வயசுக்கு மேலன்னு டப்பாவுல போட்டிருக்கு, என் அனுபவத்துல பத்து பதினொன்னு இருந்தா நல்லது. அதே கடையில பசில் மட்டும் தனியா 600 ரூபாய்க்கு கிடைக்குது, காசு யோசிக்கறவங்க அதை வாங்குங்க, பிரிச்ச உடனே துண்டு எல்லாம் இருக்கான்னு எண்ணிடுங்க, முக்கியமா நாஸ்கா.