ரோஸ்மேரி செடி அருமை, கூட வந்த மண்தான் சரியில்லை

சமையலில் வாசனைக்குச் சேர்க்கிற ரோஸ்மேரி செடியை ஆன்லைனில் வாங்கினேன், அதைப் பற்றி. அதே கடையில் விதைப் பாக்கெட்டும் இருந்தது, ஆனால் செடியாகவே வாங்குங்கள். ரோஸ்மேரி விதை சரியாக முளைக்காது, முளைத்தாலும் கிள்ளிச் சமைக்கிற அளவுக்கு வர ரொம்பக் காலம் பிடிக்கும். குச்சி நட்டு வேர் பிடித்த செடியில் தாய்ச்செடியின் மணம் அப்படியே இருக்கும்.

எனக்கு வந்தது திடமான செடி. பெட்டியைப் பிரித்ததுமே வாசனை தூக்கியது. தண்டின் அடி பழுப்பேறி மரமாகத் தொடங்கியிருந்தது, நுனியெல்லாம் இளம்பச்சை. இலையைத் திருப்பிப் பாருங்கள்: ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு, அடியில் பூனைமுடி போல வெள்ளை ரோமம். இலையின் ஈரம் சீக்கிரம் வெளியேறாமல் காப்பது அதுதான். மத்தியதரைக் கடலை ஒட்டிய வறண்ட சரிவுகளில் பிறந்த செடி. வறட்சியைத் தாங்கும், வேரில் தேங்கும் நீரைத் தாங்காது.

அதனால்தான் மண்ணைப் பார்த்ததும் மனசு கஷ்டப்பட்டது. முழுக்கக் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். மேலே காய்ந்திருந்தது, விரலை விட்டால் உள்ளே சொதசொதவென்று ஈரம். அடி இலைகள் கறுத்து உதிர ஆரம்பித்திருந்தன. கூட வைத்த சீட்டில் 'தினமும் தண்ணீர் ஊற்றவும்' என்று வேறு! தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். வந்த கையோடு மண்ணும் பருமணலும் பாதிக்குப் பாதி கலந்து, அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டிக்கு மாற்றினேன். குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில், விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகே தண்ணீர். கறுப்பது நின்று, கணுவுக்குக் கணு கொழுந்து விட்டது. செடிக்காக 4 நட்சத்திரம் தருகிறேன்; ஒன்று குறைந்தது மண்ணுக்கும் அந்தச் சீட்டுக்கும்.

சமைக்கிறவர்களுக்கு: நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை விடும். ஆனால் இலையே இல்லாத மரத்தண்டு வரை வெட்டிவிடாதீர்கள், அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது. இதன் மணம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். எண்ணெய் மிதமாகச் சூடானதும் விரல் நீளக் கொத்து ஒன்றைப் போட்டு, இலை மொறுமொறுப்பானதும் எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் வேகவைத்த உருளைக்கிழங்கைப் பொன்னிறமாக வறுங்கள். எடுத்து வைத்த இலையை உப்போடு நொறுக்கி மேலே தூவினால் போதும், வேறு மசாலாவே வேண்டாம். பச்சை இலையை முழுசாகத் தூவினால் வாயில் குத்தும். அளவு கூடினால் கற்பூர நெடி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். அப்புறம், பச்சைக் கொத்தை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், நச்சுக் கிருமி வளர இடமுண்டு. ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளிலேயே தீர்த்துவிடுங்கள்.