வாய்ஸ்மெயிலா, மிஸ்டு காலா, வாய்ஸ் நோட்டா?

அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ இங்கிருந்து போன் போட்டால், அவர்கள் எடுக்காவிட்டாலும் ஒரு குரல் எடுத்துக்கொள்கிறது. பீப் சத்தம் கேட்டதும் செய்தியைச் சொல்லச் சொல்கிறது. இதுதான் வாய்ஸ்மெயில். நம்மவர்கள் "ஹலோ... ஹலோ... நான்தான்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அந்த ஹலோ மட்டும் பத்திரமாகப் பதிவாகியிருக்கும். இதே ஆள் வாட்ஸ்அப்பில் நாலு நிமிடம் மூச்சுவிடாமல் வாய்ஸ் நோட் போடுவார்.

இரண்டும் எதிரில் ஆள் இல்லாதபோது பேசிவைக்கும் வேலைதான். ஒன்று நம்மிடம் ஒட்டவே இல்லை, இன்னொன்று விடுவேனா என்கிறது. நடுவில் மிஸ்டு கால் வேறு. இதில் யாருக்குக் காசு செலவு, யாருக்கு நேரம் செலவு என்று பார்த்தால் கதை புரிந்துவிடும்.

வாய்ஸ்மெயில் இருப்பது உங்கள் போனில் அல்ல, டெலிபோன் நிறுவனத்தின் சர்வரில். அதனால்தான் போன் அணைந்து கிடந்தாலும், சிக்னல் இல்லாவிட்டாலும் அது வேலை செய்கிறது. பழைய கேசட் ஆன்சரிங் மெஷின் வீட்டு மேசையில் இருந்தது. இது வலைப்பின்னலுக்குள்ளேயே போய்விட்டது. டல்லாஸைச் சேர்ந்த கார்டன் மேத்யூஸ் 1979இல் இதற்கு விண்ணப்பித்து, 1983இல் காப்புரிமை பெற்றார். முதலில் வாங்கியது 3எம் நிறுவனம். ஆக, பிறந்ததே ஆபீஸுக்காக.

இந்தியாவில் அது ஏன் எடுபடவில்லை? கூச்சம் என்பார்கள், மெஷினிடம் பேச வராது என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் காசு. 2003இல் இன்கமிங் இலவசமானதும், மணி அடிக்கவிட்டுக் கட் செய்தால் இரு பக்கமும் பைசா செலவில்லை என்றாகிவிட்டது. ஒரு ரிங் என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு என்றால் வாசலில் நிற்கிறேன், விடாமல் அடித்தால் மட்டும் எடு. வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கணக்கு இருந்தது. இந்த இடத்தில் வாய்ஸ்மெயில் குறுக்கே வந்தால் என்ன ஆகும்? சர்வர் எடுத்த நொடியே அழைப்பு இணைந்ததாகக் கணக்கு; கூப்பிட்டவரின் பேலன்ஸ் குறையும். எதிர்முனை போன் அணைந்திருந்தால் இன்னும் மோசம், ரிங் போகாமலே நேராக மெஷின்தான். மிஸ்டு காலும் வாய்ஸ்மெயிலும் ஒரே போனில் குடித்தனம் நடத்த முடியாது. நாம் இலவசத்தைத் தேர்ந்தெடுத்தோம், அவ்வளவுதான்.

அது வெறும் சிக்கனமாகவும் நிற்கவில்லை. 2010இல் பெங்களூரில் தொடங்கிய ஜிப்டயல், மிஸ்டு காலையே விளம்பரத் தொழிலாக்கியது. 2015இல் ட்விட்டர் அதை வாங்கியது. வங்கி பேலன்ஸ் பார்க்க, கேஸ் சிலிண்டர் பதிய இன்றும் மிஸ்டு கால் போதும். ஆனால் அதால் ஒரு விஷயத்தையும் விளக்கிச் சொல்ல முடியாது. முன்பே பேசிவைத்த அர்த்தத்தைத்தான் அது தட்டிவிடும்.

2016இல் ஜியோ வந்து பேசுவதே இலவசமானபோது, வாய்ஸ்மெயிலுக்கு வழி திறந்திருக்க வேண்டும். அதற்குள் இடம் நிரம்பிவிட்டது. 2013லேயே வாட்ஸ்அப்பில் மைக் பொத்தான் வந்துவிட்டதே. தமிழில் டைப் அடிக்க வராத பாட்டிக்கும், மாவு பிசைந்த கையோடு நிற்பவருக்கும் அது வரம். கேட்பவர் பாடுதான் திண்டாட்டம். பஸ்ஸில் காதில் வைக்க முடியாது, முக்கியமான தகவல் மூன்றாவது நிமிடத்தில் இருக்கும், அதுவரை அத்தை வீட்டு மாடு கன்று போட்ட கதை. 2021இல் வேகத்தைக் கூட்டிக் கேட்கும் வசதி வந்தது சும்மாவா?

வாய்ஸ்மெயிலுக்கும் இதே நோய் உண்டு. கோக-கோலா தன் அட்லாண்டா தலைமை அலுவலகத்தில் 2014இலேயே அதை நிறுத்திவிட்டது.

சரி, அப்படியானால் செத்துவிட்டதா? அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ குடிபோனவரிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். பல் டாக்டர் கிளினிக், குழந்தையின் பள்ளி, வேலைக்கு ஆள் தேடுபவர் எல்லாம் லேண்ட்லைனிலிருந்து கூப்பிடுவார்கள். அவர்களுக்கு உங்கள் வாட்ஸ்அப் தெரியாது, கவலையும் இல்லை. தெரியாத நம்பரை ஸ்பேம் என்று நீங்கள் எடுக்க மாட்டீர்கள். அப்போது மெயில்பாக்ஸ் நிரம்பியிருந்தால் இன்டர்வியூ போச்சு. முன்பின் தெரியாதவர் உங்களிடம் விஷயம் சொல்ல வாய்ஸ்மெயில்தான் இன்னும் ஒழுங்கான வழி என்பது என் கட்சி. வாய்ஸ்மெயிலில் செய்தி விடும்போது பெயர், நம்பர், என்ன விஷயம், எப்போது திரும்பக் கூப்பிடலாம்; கடைசியில் நம்பரை இன்னொரு முறை மெதுவாக. அரை நிமிடம் தாண்ட வேண்டாம்.

வாய்ஸ்மெயிலை வைத்துக்கொள்வதாக இருந்தால், அதைக் கேட்கப் போடும் ரகசிய எண்ணை, அதாவது பின் (PIN) நம்பரை, உடனே மாற்றுங்கள். பிரிட்டனில் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' நிருபர்கள் பிறர் வாய்ஸ்மெயிலை ஒட்டுக்கேட்டதும், 2011இல் அந்தப் பத்திரிகையே மூடப்பட்டதும் நினைவிருக்கலாம். மாற்றாமல் விட்ட PIN நம்பர்கள்தான் அதில் அவர்களுக்கு வசதியாக இருந்தன. வாட்ஸ்அப் கணக்கைத் திருட இன்னொரு தந்திரமும் உண்டு. நீங்கள் தூங்கும் நேரத்தில் சரிபார்ப்பு எண்ணைக் குரல் அழைப்பாக வரவழைத்து, அது வாய்ஸ்மெயிலில் விழுந்ததும் அங்கிருந்து எடுத்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டால் இந்த வேலை நடக்காது. வாய்ஸ்மெயிலே வேண்டாம் என்றால், பல நெட்வொர்க்குகளில் ##004# என்று டயல் செய்தால் போதும், எடுக்காத அழைப்புகள் அங்கே திரும்புவது நின்றுவிடும்.