கிராபீன் பவுடர் 25 கிராமும் ஸ்டிர் காஸ்டிங் கடையும்: ப்ராஜெக்ட் பண்றவங்க வாங்கறதுக்கு முன்னாடி படிங்க

பவுடருக்கு 5க்கு 4. காஸ்டிங்குக்கு முதல் தடவை 2, ரெண்டாவது தடவை 4.

6061ங்கற அலுமினியம் கலவைல கிராபீன் (ஒரு அணு தடிமன் கார்பன் லேயர்) கலந்து ஸ்ட்ரென்த் ஏத்தறதுதான் எங்க டீமோட பைனல் இயர் ப்ராஜெக்ட். உலோகத்த உருக்கி, பவுடர போட்டு கலக்கி, அச்சுல ஊத்தறதுதான் ஸ்டிர் காஸ்டிங். ஆன்லைன்ல கிராபீன் நானோ பிளேட்லெட் (பல லேயர் அடுக்கின குட்டி தகடு, பவுடரா வரும்) 25 கிராம் ஆர்டர் போட்டோம், நாலு நாள்ல வந்துச்சு, டபுள் சீல், பேக்கிங்ல குறையே இல்ல. 25 கிராம்னா கைக்குள்ள அடங்கும்னு நெனச்சோம், வந்தது ஊறுகாய் பாட்டில் சைஸ், அவ்வளவு லேசு, மூடிய தொறந்தாலே புகை மாதிரி எழும்புது. ஃபேன் ஆஃப் பண்ணிட்டு மாஸ்க் போட்டுட்டு தொறங்க ப்ளீஸ், மூச்சுல போகக்கூடாத சாமான்.

டேட்டா ஷீட்ல பிளேட்லெட் தடிமன் 5லிருந்து 10 நானோமீட்டர்னு இருந்துச்சு. லேயருக்கு லேயர் இடைவெளி 0.335 நானோமீட்டர், அப்போ 15லிருந்து 30 லேயர் அடுக்கு. அது தப்பில்ல, பிளேட்லெட்னா அப்படித்தான். ஆனா விக்கறவங்க பேஜ்ல ஸ்ட்ரென்த் 130 கிகாபாஸ்கல்னு கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க பாருங்க, அது எனக்கு பிடிக்கல. 2008ல கொலம்பியா யுனிவர்சிட்டில குறையே இல்லாத ஒத்தை லேயர ஊசியால அழுத்தி அளந்த நம்பர் அது. அதே மாதிரி தென்கொரியால கைஸ்ட்ங்கற யுனிவர்சிட்டில 2013ல காப்பர்ல 1.5 கிகாபாஸ்கல் எடுத்தாங்க, அங்க 70 நானோமீட்டருக்கு ஒரு ஒத்தை லேயர்னு அடுக்கடுக்கா வச்சாங்க, உலோகத்துக்குள்ள நகர்ற டிஸ்லொகேஷன் (அணு அடுக்குல இருக்கற குறை, அது நகர்ந்தாதான் உலோகம் வளையும்) எல்லாம் கிராபீன்ல முட்டி நின்னுடுச்சு. குரூசிபிள்ல (உலோகம் உருக்கற பாத்திரம்) கொட்டற பவுடர்ல அத எதிர்பார்த்தா ஏமாற்றம்தான்.

இப்ப கடை. 2 கிலோ அலுமினிய இங்காட்டுக்கு (உருக்கற கட்டி) 0.5 சதவீதம் கிராபீன், அதாவது 10 கிராம். முதல் தடவை கடைல இருந்த அண்ணா ஸ்டிரர ஓட விட்டு மேலருந்து பவுடர அப்படியே கொட்டினார். "தம்பி, உள்ள போகவே மாட்டேங்குது"ன்னார். போகாது, 700 சொச்சம் டிகிரில உருகின அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் தாமரை இலையும் தண்ணியும் மாதிரிதான், ஒட்டவே ஒட்டாது. பாதிக்கு மேல கருப்பா மிதந்து கசடோட வழிச்சு போட்டாங்க. அப்புறம் ஒட்டணும்னு ஹீட்ட ஏத்தி ரொம்ப நேரம் கலக்கினார், அதுதான் பெரிய தப்பு, சூடும் நேரமும் ஏற ஏற கார்பன் அலுமினியத்தோட சேர்ந்து அலுமினியம் கார்பைடா மாறும், அது பொறபொறன்னு உடையற சரக்கு, ஈரம் பட்டா மீத்தேன் வேற விடும். கூடவே சுழல்ல காத்தும் உள்ள போய், அறுத்து பார்த்தா முழுக்க பின் ஹோல், அதாவது ஊசி முனை ஓட்டை. ஹார்ட்னஸ் ஒரு முனைல ஒண்ணு இன்னொரு முனைல ஒண்ணு. இதுக்கும் முழு சார்ஜ் வாங்கினாங்க, வருத்தமா இருந்துச்சு.

ரெண்டாவது தடவைக்கு முன்னாடி எங்க கைடு சொன்னபடி காலேஜ் லேப்லயே கிராபீன எத்தனால்ல போட்டு சோனிகேட்டர்ல (ஒலி அலையால கலக்கற மெஷின்) பிரிச்சு, அலுமினியம் பவுடரோட சேர்த்து காய வச்சு, ஜார்ல ஆர்கான் வாயு நிரப்பி பால் மில் பண்ணினோம், அதாவது குண்டு போட்டு உருட்டி அரைச்சோம் (நைஸ் அலுமினியம் பவுடர் தீப்பிடிக்கும், லேப் ஆள் இல்லாம தொடாதீங்க). அத டை அச்சுல அழுத்தி மாத்திரை மாதிரி ஆக்கி, ஃபாயில்ல சுத்தி, சூடு பண்ணி குடுத்தோம். அண்ணா 1 சதவீதம் மெக்னீசியம் போட்டு, மாத்திரைய கம்பியால அடில அமுக்கி, கொஞ்ச நேரம் மட்டும் கலக்கி, சூடான அச்சுல ஊத்தினார். கேக்காமலே கிராபீன் இல்லாத சாதா 6061 ஒரு கட்டி அதே மாதிரி கலக்கி ஊத்தி குடுத்தார், அதுக்கு காசு வாங்கல, இந்த ஒண்ணுக்காகவே அவர மெச்சணும், ஏன்னா அது இல்லாம எது கிராபீனால ஏறினது எது மெக்னீசியத்தால ஏறினதுன்னு எப்படி தெரியும், நாங்க அத யோசிக்கவே இல்ல, அவர் மெக்னீசியத்தையும் அதுல சேர்த்தே போட்டிருந்தார்.

இந்த தடவை ரெண்டு முனையும் ஹார்ட்னஸ் கிட்டத்தட்ட ஒண்ணா வந்துச்சு, மைக்ராஸ்கோப்ல கிரெயின் (உலோகத்துக்குள்ள இருக்கற குட்டி படிகம்) சாதா கட்டிய விட நல்லா பொடிசா இருந்துச்சு, டென்சைல் ஸ்ட்ரென்த்தும் (இழுத்தா தாங்கற பலம்) ஏறுச்சு, பல மடங்கெல்லாம் இல்ல, ஆனா சந்தேகமில்லாம ஏறுச்சு. எனக்கு அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம்.

1 சதவீதம் கிராபீன் போடலாமான்னு கேக்கறவங்களுக்கு: வேண்டாம், ஜாஸ்தி போட்டா கட்டி கட்டியா சேர்ந்துக்கும், அந்த கட்டில இருந்துதான் விரிசலே ஆரம்பிக்கும். எங்க பாட்டில்ல 5 கிராம் பாக்கி இருக்கு, அடுத்த தடவை உருக்கறப்ப 0.25 சதவீதம் போட்டு பார்க்க போறோம், அதே கடைலதான்.