மலையிடுக்கு 'குடும்பப் பேக்கேஜ்': 1,180 வெள்ளி போச்சு, நீங்கள் கட்டிவிடாதீர்கள்

சனிக்கிழமை நடந்தது. வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதுகிறேன். விடுமுறைக்குப் பிள்ளைகளோடு காட்டுப் பக்கம் போக நினைக்கும் கோலகுபு பாரு, பத்தாங்காலிக் குடும்பங்கள் முழுக்கப் படியுங்கள்.

கைப்பேசியில் விளம்பரம் போட்டு ஆள் சேர்க்கும் சின்னச் சுற்றுலா ஏற்பாட்டுக்காரர்கள். ஆற்றோடு மலையிடுக்குக்குள் நடந்து போகும் பயணத்துக்குப் பெரியவருக்கு 95 வெள்ளி, பிள்ளைக்கு 60. எட்டுப் பெரியவர்கள், ஏழு பிள்ளைகள், மொத்தம் 1,180 வெள்ளி. "அக்கா, நாலு வயசுப் பிள்ளைகூட நடந்துடும். பெர்மிட், கைடு, லைஃப் ஜாக்கெட், சாப்பாடு எல்லாம் உள்ளே" என்றான் அதில் பேசிய ஆள். கேட்டதும் பெர்மிட் படத்தையும் அனுப்பினான். வனத்துறை முத்திரையைப் பார்த்ததோடு சந்தேகம் தீர்ந்துபோச்சு. அடுத்த ஐந்து நிமிஷத்தில் முழுக் காசும் ஒரு தனி ஆள் பேரில் இருந்த கணக்குக்குப் போனது.

காலை ஏழரைக்கு வர வேண்டிய வேன் 10.40க்கு வந்தது. தாமதம் என்று மட்டும் இதை நினைக்காதீர்கள். நம் பக்கத்து மலைகளில் மதியத்துக்கு மேல்தான் இடி மழை பிடிக்கும். இடுக்குக்குள் போகிறவர்கள் எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கி, ஒரு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, தண்ணீர் ஏறினால் ஒதுங்க இடமே இருக்காது. நம் தலைமேல் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை கெப்பாலா ஆயராக, அதாவது திடீர் வெள்ளமாக, இறங்கிவிடும். தெளிந்த தண்ணீர் தே தாரிக் (பால் டீ) நிறத்துக்கு மாறுவது, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல், சில நேரம் மேலே மரம் அடைத்து ஆறு திடீரென்று வற்றுவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் பையைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டியதுதான். கைடு என்று வந்த இரண்டு பையன்களுக்கும் இது தெரியவில்லை. மாலிம் குனோங் பெர்ஹுத்தானான் (வனத்துறை மலை வழிகாட்டி) அட்டை கேட்டதற்கு, "ஆபிஸ்ல இருக்கு அக்கா."

லைஃப் ஜாக்கெட்டைப் பாருங்கள். ஏழு பிள்ளைகளுக்கும் பெரியவர் அளவு. சின்னவளுக்கு மாட்டி, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் காதைத் தாண்டி மேலே வந்துவிட்டது, பிள்ளை கீழேயே நிற்கிறாள். தண்ணீரிலும் இதேதான் நடக்கும், ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை மிதக்காது. தொடைக்கு நடுவே போகும் வார் ஒன்றிலும் இல்லை. ஒன்றில் பக்கிள் உடைந்து ராஃபியா கயிறு கட்டியிருந்தார்கள். ஆற்றைத் தாண்டக் கொண்டுவந்தது துணி காயப்போடும் நீலக் கயிறு. அதைப் பிள்ளைகள் இடுப்பில் கட்டப்போவதாகச் சொன்னார்கள். ஓடும் தண்ணீரில் ஆளைக் கயிற்றோடு கட்டவே கூடாது. வழுக்கினால் கயிறு இழுத்துப் பிடிக்கும், தண்ணீர் முகத்தை அமுக்கிவிடும்.

செம்பனைத் தோட்டத்து கேட்டிலேயே ஜாகா (காவல்கார) தாத்தா நிறுத்திவிட்டார். "ஏம்மா, மேல கறுத்துக்கிட்டு வருது. பச்சப்புள்ளைங்கள அங்கயா கூட்டிட்டுப் போறீங்க? பெர்மிட்டக் காட்டச் சொல்லும்மா." அப்போதுதான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தேதி இருக்கும் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. ஆள் எண்ணிக்கை 6. நாங்கள் 15 பேர். பெர்மிட் இல்லாமல் வனக் காப்பகத்துக்குள் நுழைந்தால் 1984 தேசிய வனச் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டுவது நுழைந்தவர்கள், கூட்டிப் போனவன் மட்டுமில்லை. அங்கேயே திரும்பிவிட்டோம். அந்தத் தாத்தாவுக்குக் கோடி நன்றி.

1,180 வெள்ளியைத் திருப்பிக் கேட்டால், முதலில் "திங்கள் ஆபிஸ் திறந்ததும் பார்க்கிறேன் அக்கா." திங்கள், "வேனுக்குக் கட்டியாச்சு, பாதிதான் முடியும்." மாலையில், "நீங்களாத்தானே திரும்பினீங்க?" இன்று காலை எண்ணையே பிளாக் செய்துவிட்டான். ரெசிட் கேட்டதற்குக் கடைசிவரை பதிலே இல்லை.

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். சுற்றுலா லைசன்ஸ் எண் கேளுங்கள், கேபிகே/எல்என் என்று தொடங்கும். கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று காட்டும் போலிஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்காமல் ஒரு சென் அனுப்பாதீர்கள். அனுப்பிய பிறகு மோசடி என்று தெரிந்தால் உடனே 997 மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். நாங்கள் போடுகிறோம், மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

வரும் சனிக்கிழமைக்கும் ஆள் சேர்க்கிறார்களாம். கட்டியவர்கள் யாராவது இருந்தால், தேதியும் ஆள் எண்ணிக்கையும் தெரிகிற முழுப் பெர்மிட்டை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.